புள்ளி வைத்த கல்

சென்ற வருடம் எங்கள் விஞ்ஞான தினக் கண்காட்சியில் உயிரியல் மேசையில் ஒரு கல்லை வைத்தேன். தேங்காயில் பாதியளவு இருக்கும். அதன் முன்னால் மடித்து நிறுத்திய மட்டையில் "கல்லாய் மாறிய பனைமரத் துண்டு" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அன்று தரம் 8 தங்கைமார் வரிசையாக வந்து, கைவில்லையால் கல்லைப் பார்த்து, மட்டையில் இருந்ததைத் தங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த மட்டையில் இருந்தது பிழை. கல் பனையும் இல்லை, தென்னையும் இல்லை, அது மரமே இல்லை. மட்டையை நான் கிழித்துப் போட்டுவிட்டேன். கொப்பிகளில் ஏறிப்போனதை என்ன செய்வது? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. பனைக் குடும்பத்து மரம் கல்லானால் அதை எப்படி இனங்காண்பது, நான் எந்த இடத்தில் வழுக்கினேன் என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேலை செய்து பாருங்கள். வீட்டுக் கூரை மாற்றும்போது கழிக்கிற தென்னங் கைமரத்தில் ஒரு துண்டை எடுங்கள். நமது மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தென்னை ஆராய்ச்சி நிலையமே இங்கே லுணுவிலவில்தான் இருக்கிறது. குறுக்காக வெட்டிய முகத்தைச் சாண்ட் பேப்பரால் நன்றாகத் தேய்த்து, ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பாருங்கள். வெளிறிய தளத்தில் கறுத்த புள்ளிகள் இறைந்து கிடக்கும், எள்ளுப் பாகுத் துண்டைப் பார்ப்பது போல. பக்கத்திலே ஒரு தேக்குத் துண்டையோ வேப்பந் துண்டையோ வைத்து ஒப்பிடுங்கள். அதில் புள்ளிக் கூட்டம் இல்லை. நடுவே வைரம், அதைச் சுற்றி வெளிறிய மரம், நடுவிலிருந்து வெளியே ஓடும் மெல்லிய கதிர்கள் என்று வேறொரு கதை.

இந்த வித்தியாசத்தின் காரணம் நாம் பாடத்தில் படித்ததுதான். இருவித்திலை மரங்களில் காழுக்கும் உரியத்துக்கும் இடையில் மாறிழையம் வளையமாக இருக்கிறது. அது உள்ளே காழையும் வெளியே உரியத்தையும் புதிது புதிதாகச் சேர்த்துத் தண்டைப் பருக்கச் செய்கிறது. ஒருவித்திலைத் தாவரங்களான தென்னை, பனை, கமுகு, கித்துள், ஈந்து ஆகியவற்றுக்கு அந்த மாறிழையம் இல்லை. ஆகவே வளையமும் இல்லை. தண்டு முழுவதும் புடைக்கலவிழையம் நிரம்பியிருக்க, அதற்குள் கலன்கட்டுகள் சிதறி ஓடுகின்றன. நாம் பார்த்த ஒவ்வொரு கறுத்த புள்ளியும் ஒரு கலன்கட்டு. அதே துண்டை நெடுக்காகப் பிளந்தால் புள்ளிகள் கோடுகளாகத் தெரியும்.

எனக்குப் பிடித்த பகுதி அந்தப் புள்ளிக்குள்ளே இருப்பது. பத்து மடங்கு பெருப்பிக்கும் சாதாரணக் கைவில்லை போதும். புள்ளியின் பெரும்பகுதி அடர்த்தியான ஒரு தொப்பி. தடித்த சுவருள்ள நார்க் கலங்கள் நெருங்கி அமைந்தது அது. தென்னஞ் சட்டத்துக்கு உறுதியைக் கொடுப்பது இந்த நார்தான். தொப்பிக்கு அடுத்து மென்மையான உரியம். அதற்கு அடுத்து காழ். காழில் ஒன்றோ இரண்டோ, சில இனங்களில் அதற்கு மேலோ, அகன்ற கலன்கள் துளைகளாகத் தெரியும். தண்டின் வெளிப்பகுதியில் தொப்பி வெளிப்புறத்தையும் துளைகள் நடுவையும் நோக்கி இருக்கும். அதனால் சிறிய துண்டொன்று கிடைத்தாலும் மரத்தின் வெளிப்பக்கம் எது, உட்பக்கம் எது என்று சொல்லிவிடலாம். சில இனங்களில் இவற்றுக்கு இடையே கலன் எதுவுமில்லாத, நார் மட்டுமே உள்ள நுண்ணிய புள்ளிகளும் உண்டு. அவை இருக்கின்றனவா இல்லையா என்பதும் இனங்காண உதவும் அடையாளம்.

இந்தக் கட்டுகள் தண்டுக்குள் நேராக ஓடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1965இல் சிம்மர்மன், டொம்லின்சன் என்ற இருவர் ரேபிஸ் எனும் சிறிய பனையின் தண்டைச் சீவல் சீவலாக வெட்டி, ஒவ்வொரு சீவலையும் படம்பிடித்து, சினிமாப் படச் சுருள் போல ஓடவிட்டுப் பார்த்தார்கள். புள்ளிகள் திரையில் நடமாடின. ஒரு கட்டு மேலே ஏற ஏற மெல்ல நடுவை நோக்கிச் செல்கிறது, பிறகு சட்டென்று வெளியே வளைந்து ஒரு ஓலைக்குள் நுழைகிறது. நுழையும் முன் ஒரு கிளையை விட்டுச் செல்கிறது. அந்தக் கிளை மேலே தன் பயணத்தைத் தொடர்கிறது. கல்லான மரத்தின் ஒரு வெட்டுமுகத்தைப் பார்ப்பவர் அந்தப் படத்தின் ஒரேயொரு சட்டத்தை மட்டும் பார்க்கிறார். இது பின்னால் தேவைப்படும்.

சரி, மரம் எப்படிக் கல்லாகிறது? விழுந்த மரம் சாதாரணமாக உக்கிப் போகும். பூஞ்சணமும் பற்றீரியாவும் கறையானும் விட்டுவைக்காது. ஆனால் சேற்றிலோ எரிமலைச் சாம்பலிலோ விரைவாகப் புதைந்து காற்றுப் படாமல் போனால் உக்கல் மந்தமாகும். நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா மெல்ல மெல்லக் கலங்களின் உள்ளேயும் சுவர்களிலும் படிகிறது. காலம் செல்லச் செல்ல அது இறுகி, கடைசியில் குவார்ட்சு போன்ற கடினமான கனியமாகிறது. மரம் கல்லாக மாறியது என்பதைவிட, மரத்தை அச்சாக வைத்துக் கல் வார்ந்தது என்று சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வார்ப்பு அவ்வளவு நுண்மையாக இருப்பதால் கலச்சுவர் கலச்சுவராகப் படிக்க முடிகிறது. மென்மையான உரியம் மட்டும் பல துண்டுகளில் அழிந்து வெற்றிடமாகக் காணப்படும்.

இப்படிக் கல்லான பனைக் குடும்பத்து மரங்களுக்கு 1882இல் ஷெங்க் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் பாமோக்சைலன் என்ற பேரினப் பெயரைக் கொடுத்தார். பாமா என்பது லத்தீனில் பனை, சைலோன் என்பது கிரேக்கத்தில் மரக்கட்டை. தென்னைக்கு ஒன்று, கமுகுக்கு ஒன்று என்று வைக்காமல் எல்லாவற்றுக்கும் ஏன் ஒரே பெயர்? மலரும் காயும் ஓலையும் இல்லாமல் வெறும் தண்டு மட்டும் கையில் இருக்கும்போது "இது பனைக் குடும்பம்" என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாத நிலை பல தடவை வருகிறது. அந்த நிலைக்குரிய நேர்மையான பெயர் அது. இந்தப் பெயரைப் பற்றி வாசித்தபோதுதான் என் மட்டையை நினைத்து எனக்கு வெட்கம் வந்தது.

நமக்கு அருகில் இத்தகைய மரங்கள் ஏராளமாகக் கிடைத்த இடம் இந்தியாவின் தக்காணம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. ஒரு பரவலுக்கும் அடுத்த பரவலுக்கும் இடைப்பட்ட காலத்தில் குளங்கள் தோன்றின, மரங்கள் வளர்ந்தன, பிறகு அடுத்த குழம்பு வந்து மூடியது. அந்த இடைப் படிவுகளில் பனைக் குடும்பத்துத் தண்டுகள், வேர்கள், காய்கள் எல்லாம் சிலிக்காவாகிக் கிடக்கின்றன. இவற்றை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் பிர்பால் சாஹ்னி. 1946இல் தென்னையை ஒத்த ஒரு தண்டை விவரித்து அதற்குப் பாமோக்சைலன் சுந்தரம் என்று பெயரிட்டார். வெட்டுமுகத்தின் படத்தைப் பார்த்தால் அந்தச் சமஸ்கிருதப் பெயர் ஏன் என்று கேட்கத் தோன்றாது. அதே ஆண்டு லக்னோவில் அவர் தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனம் இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது.

தக்காணத்தில் மொகாவோன் கலான் என்ற ஊரில் நீப்பா என்ற பனையின் காய்களும் கிடைத்தன. நீப்பா உவர்நீர்ச் சேற்றில் வளர்வது. நமது நாட்டின் தென்மேற்குக் கழிமுகங்களில் இன்றும் இருக்கிறது. கண்டல் காட்டை வீட்டு வாசலில் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பொருள் உடனே விளங்கும். இன்று கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள அந்த ஊருக்கு அருகே ஒரு காலத்தில் கடல்நீர் வந்து போயிருக்கிறது. ஒரு காயைச் சரியாக இனங்கண்டதால் ஒரு கடற்கரை எங்கே இருந்தது என்று தெரிந்தது. பிழையாக இனங்கண்டிருந்தால் கடற்கரையும் பிழைத்திருக்கும்.

தமிழ்நாட்டிலும் கல்மரங்கள் உண்டு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைப் பூங்கா பலர் அறிந்தது. அங்கே பெரும்பாலானவை இருவித்திலை மரங்கள். ஆனால் கடலூர் மணற்கல் படிவுகளிலிருந்து பனைக் குடும்பத்துத் தண்டுகளும் கிடைத்து, 1950களில் ராமானுஜம் என்ற ஆய்வாளர் அவற்றை விவரித்தார். அவற்றில் ஒன்றின் பெயரில் ஆர்க்காடு என்ற ஊர்ப் பெயரே அமர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் கல்லான பனை மரத்தைத் டெக்சஸ் 1969இல் தன் மாநிலக் கல்லாகவும், லூசியானா 1976இல் தன் மாநில உயிர்ச்சுவடாகவும் ஏற்றுக்கொண்டன.

பனைக் குடும்பம் என்று தெரிந்த பிறகு எந்தப் பனை என்று கேட்பது எப்படி? மோல் என்ற ஜெர்மானியர் வாழும் பனைகளின் தண்டுகளை ஆராய்ந்து போட்ட அடித்தளத்தின் மேல், 1904இல் ஸ்டென்சல் என்பவர் உயிர்ச்சுவடுகளுக்கு ஒரு முறையை வகுத்தார். கலன்கட்டுகள் தண்டு முழுவதும் ஏறத்தாழச் சீராகப் பரவியிருந்தால் அது ஒரு வகை. ஓரத்தில் நெருங்கி நடுவில் ஐதாக இருந்தால் இன்னொன்று. அத்துடன் ஓரத்துக் கட்டுகளின் நார்த் தொப்பி நடுவில் உள்ளவற்றைவிடப் பெரிதாகவும் இருந்தால் மூன்றாவது. தொப்பியின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். பிறை, சிறுநீரகம், இருதயம், அம்புமுனை என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. புடைக்கலவிழையம் இறுக்கமாக இருக்கிறதா, காற்றிடைவெளிகளுடன் இருக்கிறதா என்பதும் கணக்கில் வரும். நார்களை ஒட்டி நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இருக்கும். அவை தென்னையில் முள் உருண்டைகள், கித்துளில் தொப்பி வடிவம். இதற்குக் கைவில்லை போதாது. கல்லை வைர வாளால் மெல்லிதாக அறுத்து, கண்ணாடித் தட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீற்றர் தடிப்பு வரும்வரை தேய்த்து, ஒளி ஊடுருவும் நிலையில் நுணுக்குக்காட்டியில் வைக்க வேண்டும்.

ஆனால் ஒரே தென்னையின் அடியிலும் நுனியிலும், ஓரத்திலும் நடுவிலும் புள்ளிகள் ஒன்றுபோல் இல்லை. மரக்காலையில் தென்னஞ் சட்டம் வாங்குகிற எந்த வாப்பாவுக்கும் இது தெரியும். ஓரத்துச் சட்டம் கறுத்துக் கனமாக இருக்கும், நடுத்துண்டு பஞ்சாக இருக்கும். இரண்டும் தனித்தனியே கல்லாகி இரண்டு ஆய்வாளர் கையில் கிடைத்தால் இரண்டு இனப் பெயர்கள் வந்துவிடலாம். 2013இல் தோமா, டி பிரான்செஷி என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் பனை, தாளிப்பனை, ஈந்து, கித்துள் முதலியவை அடங்கும் துணைக்குடும்பத்தின் தண்டுகளை ஆராய்ந்து, கணினி உதவியுடன் இனங்காணும் முறையொன்றை வெளியிட்டார்கள். துண்டு தண்டின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதை முதலில் தீர்மானிக்காமல் ஒப்பிடக் கூடாது என்பது அத்தகைய வேலையின் அடிப்படை.

இனி என் கல்லுக்கு வருவோம். அது எங்கள் உம்மும்மா வீட்டுக் கிணற்றடியில் குதிகால் தேய்க்கக் கிடந்த கல். பழைய வீட்டின் சுவரை இடித்தபோது வந்ததாம். தேய்ந்து வழவழப்பான பக்கத்தில் புள்ளிகள், உடைந்த பக்கத்தில் கோடுகள். "குறுக்கே புள்ளி, நெடுக்கே கோடு, அதுவே கல்லான பனை" என்று ஒரு புத்தகத்தில் வாசித்திருந்தேன். அதற்கு மேல் ஒன்றும் பார்க்கவில்லை. கண்காட்சி அன்று தரம் 8இல் படிக்கும் தங்கை ஒருத்தி கைவில்லையை எடுக்காமல் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ராத்தா, இந்தப் புள்ளிக்குள்ள நட்சத்திரம் மாதிரி ஒண்டு தெரியுதே, மரத்துக்குள்ள நட்சத்திரம் இருக்குமா?" என்று கேட்டாள். பின்னால் வரிசை நீண்டு நின்றது. "அது நார்" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு கல்லை மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டச் சுவர். அந்தச் சுவரிலிருந்து நடுவை நோக்கிச் சிறு சிறு தகடுகள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் தொப்பி, மறுபக்கம் துளை என்ற அமைப்பு ஒன்றில்கூட இல்லை. கோடுகளும் கோடுகள் அல்ல, குழாய்கள். குழாய்க்குள் குறுக்கே மெல்லிய தட்டுகள் ஏணிப்படி போல இருந்தன. குசினியிலிருந்து வினாகிரி எடுத்து ஒரு சொட்டு விட்டேன். சிறு குமிழிகள் எழுந்தன. காபனீரொட்சைட்டு. கல்லில் இருந்தது சிலிக்கா அல்ல, கல்சியம் காபனேற்று. ஆணியால் கீறினேன், கோடு விழுந்தது. குவார்ட்சில் ஆணி அப்படிக் கீறாது.

காலையில் உம்மும்மாவிடம் காட்டினேன். "இது முருகக்கல்லு மகள். முந்தி இதச் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுத்த" என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க கேக்கல்லயே" என்றுவிட்டுக் கோழிக்குத் தீன் போடப் போய்விட்டார்.

நமது கரையில் இது நடந்ததில் வியப்பில்லை. கற்பிட்டிக்கு அப்பால் கடலில் பெரிய முருகைக்கற் பாறைத் தொடர் இருக்கிறது. 1992இல் அது சரணாலயமாக்கப்பட்டது. முருகைக்கல் அகழ்வது இன்று சட்டப்படி தடை. ஆனால் பழைய வீடுகளிலும் மதில்களிலும் கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டையிலும் முருகைக்கல் இருக்கிறது. முருகை உயிரி ஒவ்வொன்றும் ஒரு கிண்ணத்தில் வாழ்கிறது, கிண்ணங்கள் நெருங்கி ஒரு கூட்டமாகின்றன. மேலிருந்து பார்த்தால் புள்ளி, பக்கத்திலிருந்து பார்த்தால் கோடு. வினாகிரி மட்டும் தீர்ப்புச் சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கல்சியம் காபனேற்றால் கல்லான மரங்களும் உலகில் உண்டு, சிலிக்காவாக மாறிய முருகைக் கற்களும் உண்டு. கடைசிச் சொல் புள்ளிக்குள்ளே இருக்கும் அமைப்புக்குத்தான்.

இவ்வளவுக்கும் பிறகு, நமது மாவட்டத்தில் ஒரு கல்லான பனையைத் தேடினால் என்ன என்ற ஆசை எனக்கு வந்தது. புத்தளத்திலிருந்து அனுராதபுரம் போகும் வழியில் தப்போவ இருக்கிறது. அங்கே வேலண்ட் என்ற புவியியலாளர் கண்டறிந்த படிவுகளிலிருந்து வந்த தாவரச் சுவடுகளை 1922இல் சீவார்டும் ஹோல்ட்டமும் விவரித்தார்கள். இந்தச் சீவார்ட் கேம்பிரிட்ஜில் சாஹ்னியின் ஆசிரியர். ஆசிரியர் நமது தப்போவவின் தாவரங்களை எழுத, மாணவர் தக்காணத்தின் பனைகளை எழுதினார் என்பதை அறிந்தபோது ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் தப்போவவில் பனையைத் தேடிப் பயனில்லை. அந்தப் படிவுகள் யுராசிக் காலத்தவை, 14.5 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அங்கே கிடைப்பவை பன்னங்களும் ஊசியிலை மரங்களும் அவற்றின் கூட்டாளிகளும். பனைக் குடும்பத்தின் உறுதியான மிகப் பழைய சுவடுகள் அதற்கு வெகு காலத்துக்குப் பிந்திய கிரெத்தேசியக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. தப்போவவில் புள்ளி வைத்த ஒரு கல்லை யாராவது காட்டினால், கைவில்லையை எடுக்கும் முன்பே "பனையாக இருக்காதே" என்று சந்தேகப்பட வேண்டும். வடமேற்காக அருவாக்காட்டில் சீமெந்துக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. அப்போது உலகில் பனைகள் இருந்தன. ஆனால் அது கடலடியில் படிந்த கல். சிப்பிகளும் சுறாப் பற்களும் முருகைகளும் அதில் இருக்கின்றன. என் கல் போன்றவை ஏமாற்றுவதற்கு ஏற்ற இடம்.

தரம் 8 தங்கைமாரே, இப்போது நீங்கள் தரம் 9. விஞ்ஞான தினத்தன்று எழுதிய கொப்பியை எடுத்து, "கல்லாய் மாறிய பனைமரத் துண்டு" என்பதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: "முருகைக்கல். கல்சியம் காபனேற்று. பழைய வீட்டுச் சுவரிலிருந்து எடுக்கப்பட்டது. புள்ளிகளில் ஆரத் தகடுகள் உண்டு. நார்த் தொப்பியோ காழ்க் கலனோ இல்லை. முதலில் கவனித்தவர்: தரம் 8 மாணவி."

கல் இப்போது ஆய்வுகூட அலுமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. பக்கத்தில் தேய்த்து வைத்த தென்னந் துண்டு ஒன்றும் கைவில்லை ஒன்றும் வைத்திருக்கிறேன். இடைவேளையில் வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்க்கலாம். உம்மும்மாவுக்குக் குதிகால் தேய்க்க வேறு கல் தேடிக் கொடுத்தாயிற்று.